பகைவன் போட்ட சீட்டு

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் எஸ்தர் புத்தகத்தை வாசித்தோம். அதன் முடிவில் வரும் ‘பூரீம்’ பண்டிகைக்குச் சீட்டு என்பதே பொருள் என்று போதகர் ஐயா சொன்னார். ஓர் இனம் உயிர் தப்பியதைக் கொண்டாடும் நாளுக்குச் சீட்டின் பெயர் எதற்கு? யூதர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்களா?

– வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: தோட்டத்தில் மாதச் சீட்டுப் பிடிப்பவர்கள், பெயர்களை எழுதி மடித்து, பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி, சின்னப் பிள்ளையொன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். ‘பூர்’ என்பதும் அத்தகைய குலுக்கலே. அக்காடிய மொழியிலிருந்து எபிரேயத்துக்கு வந்த சொல் அது. பாரசீக மன்னன் அகாஸ்வேருவின் அமைச்சனான ஆமான், தன்னை வணங்க மறுத்த மொர்தெகாய் என்ற யூதர் மீதிருந்த கோபத்தை அவருடைய இனம் முழுவதன் மீதும் திருப்பி, அவர்களை அழிப்பதற்கு நாள் பார்த்தான்.

சீட்டுப் போட்டது முதல் மாதமாகிய நிசானில். விழுந்ததோ பன்னிரண்டாம் மாதமாகிய ஆதாருக்கு. அதன் 13ஆம் திகதி கொலை நாளாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பதினொரு மாத இடைவெளியில்தான் கதையே இருக்கிறது என்பேன். அழைப்பில்லாமல் மன்னன் முன் போனால் மரண தண்டனை என்று தெரிந்தும் யூதப் பெண்ணான அரசி எஸ்தர் போனதும், ஆமான் தான் நாட்டிய மரத்திலேயே தூக்கிலிடப்பட்டதும், அரச முத்திரையிட்ட முதல் கட்டளையை மாற்ற முடியாததால் யூதர்கள் எதிர்த்து நின்று உயிர் காக்கலாம் என்று இரண்டாவது கட்டளை 127 மாகாணங்களுக்கும் அனுப்பப்பட்டதும், அவன் சீட்டே கொடுத்த அவகாசத்தில் நடந்தவை. அந்த மாகாணங்கள் இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரை பரந்திருந்தன என்று முதல் வசனமே சொல்கிறது. மொர்தெகாயின் பக்கத்தார் நடத்திய கொலைகளையும் அப்புத்தகம் மறைக்கவில்லை. கொள்ளையில் கைவைக்கவில்லை என்று மட்டும் மூன்று முறை அழுத்திச் சொல்கிறது. கடவுளின் பெயரோ எபிரேய மூலத்தில் ஓரிடத்திலும் இல்லை.

இன்றும் கொண்டாடுகிறார்கள். பெப்ரவரி–மார்ச் அளவில் வரும் ஆதார் 14இல், முந்திய இரவும் அன்று பகலும் எஸ்தர் சுருளை ஜெபாலயத்தில் வாசிப்பார்கள். ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலால் தரையை உதைத்து, அந்தப் பெயரே காதில் விழாதபடி இரைச்சல் போடுவார்கள். தீபாவளிக்கு முறுக்கையும் அதிரசத்தையும் தட்டில் மூடி அடுத்த காம்பராவுக்கு நாம் அனுப்புவதுபோல, நண்பர் ஒருவருக்காவது இருவகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். ஏழைகள் இருவருக்காவது உதவ வேண்டும். எருசலேமில் மட்டும் விழா 15ஆம் திகதி, ஏனெனில் மன்னனின் அரண்மனை இருந்த சூசான் நகரில் சண்டை ஒரு நாள் கூடுதலாக நடந்தது. அதையொட்டிப் பழைய மதில் சூழ்ந்த நகரங்களுக்கு அந்த நாளையே வைத்தார்கள்.