பெட்டிக்குள் எத்தனை டெக்? போக்கிமான் கார்டு வாங்குமுன்

கேள்வி: பிள்ளைகளுக்கு வயது 8, 11. இருவரும் போக்கிமான் கார்டு விளையாட்டு கேட்கிறார்கள். கடையில் ‘பேட்டில் அகாடமி’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைவிட விலை கூடிய ‘எலீட் டிரெய்னர் பாக்ஸ்’ பெட்டியும் இருக்கிறது. இரண்டாவதில்தான் நல்ல கார்டு வரும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? அல்லது இரண்டுமே வீண்செலவா?

பதில்: பேட்டில் அகாடமியை வாங்குங்கள். விலை உயர்ந்த பெட்டியை வாங்கி வந்தால் அன்று மாலை பிள்ளைகளால் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாது.

இந்த விளையாட்டில் ஆளுக்குச் சரியாக 60 கார்டு கொண்ட ஒரு டெக் (ஆடுவதற்கான சீட்டுக்கட்டு) வேண்டும். அடிப்படை எனர்ஜி கார்டு (போக்கிமான் தாக்குவதற்குச் சக்தி தருவது) தவிர, ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்கார்லெட் அண்ட் வயலட் வரிசையின் எலீட் டிரெய்னர் பாக்ஸில் 9 பூஸ்டர் பாக்கெட் (கலவையான கார்டு உள்ள சிறு உறை), எனர்ஜி கார்டுகள், 65 ஸ்லீவ் (கார்டைப் பாதுகாக்கும் உறை), பகடைகள் எல்லாம் இருக்கும்; டெக் இருக்காது. பாக்கெட்டுக்கு 10 வீதம் 90 கார்டு வந்தாலும், எது வரும் என்பது அதிர்ஷ்டம். இரண்டாம் நிலைப் போக்கிமான் வந்திருக்கும், அதற்கு அடியில் வைக்க வேண்டிய அடிப்படைப் போக்கிமான் வந்திருக்காது. அப்படிப்பட்ட கார்டு கையில் சும்மா கிடக்கும். கடைக்காரர் சொல்லும் ‘நல்ல கார்டு’ சேகரிப்பவர்களுக்கு நல்லது. அது ஏற்கெனவே விளையாடத் தெரிந்தவர்களுக்கான பெட்டி.

பேட்டில் அகாடமியில் 60 கார்டு கொண்ட டெக் மூன்று, மடக்கும் ஆட்டப் பலகை, சேதம் குறிக்கும் வில்லைகள், நாணயம், படிப்படியாகக் கற்றுத்தரும் கையேடு இவ்வளவும் இருக்கும். ஒரே பதிப்பென்றால் உள்ளே இருப்பது எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதான். பாடத்துக்கான டெக்கில் கார்டுகள் ஒரு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். கையேடு சொல்வதும் கையில் வருவதும் பொருந்துவதற்காகவே அந்த வரிசை. பிள்ளைகள் உறையைக் கிழித்ததும் பழக்கதோஷத்தில் சீட்டைக் கலைத்துவிடுவார்கள். முதல் ஆட்டம் குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கலைந்துவிட்டாலும் பரவாயில்லை: கார்டில் டெக்கின் சின்னமும் ஒரு சிறு எண்ணும் அச்சிட்டிருக்கும். எண்படி திரும்ப அடுக்கிக்கொள்ளலாம்.

விலை நியாயமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ‘எக்ஸ் பேட்டில் டெக்’ என்ற பெயரில் 60 கார்டு கொண்ட ஒற்றை டெக்குகள் தனியாகக் கிடைக்கின்றன. அப்படி இரண்டின் விலைக்குள் பேட்டில் அகாடமி கிடைத்தால் தயங்க வேண்டாம். மூன்றின் விலையைத் தாண்டினால் வேறு வேறு ஒற்றை டெக் இரண்டு வாங்குவதே மேல். பலகையும் பாடமும் இல்லை என்பதுதான் இழப்பு. ஒரே ஒரு ஒற்றை டெக் வாங்கி ‘இருவரும் சேர்ந்து விளையாடுங்கள்’ என்று கொடுப்பதில் பயனில்லை.

பேட்டில் அகாடமி வெளிவந்த ஆண்டையும் பாருங்கள், மூன்று டெக்கின் முதன்மைப் போக்கிமான்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 2020 பெட்டியில் பிக்காச்சு, சாரிசார்ட், மியூடூ. 2022 பெட்டியில் பிக்காச்சு, சிண்டரேஸ், ஈவீ. 2024 பெட்டியில் பிக்காச்சு, டார்க்ராய், ஆர்மரூஜ். வீட்டில் ஆட எதுவும் சரி. பழையது மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இரண்டு பதிப்புகளின் டெக்கை எதிரெதிரே வைக்காதீர்கள், பலம் ஒத்துவராமல் போகலாம்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்று கவனியுங்கள். ஒவ்வொரு கார்டிலும் இரண்டு மூன்று வரி ஆங்கிலம் இருக்கும். அதை வாசிக்கத் திணறும் வயதென்றால் முதல் பத்து ஆட்டத்துக்குப் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். அந்த நேரம் கிடைக்காத வீட்டில் எந்தப் பெட்டியும் இரண்டே நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

கேள்வி: 15 வயது மகன் போனில் ‘போக்கிமான் பாக்கெட்’ நன்றாக ஆடுகிறான். இனி போட்டிக்குப் போக வேண்டும், தொடக்கப் பெட்டி வாங்கிக் கொடுங்கள் என்கிறான்.

பதில்: ‘போக்கிமான் பாக்கெட்’ செயலியும் நிஜக் கார்டு ஆட்டமும் வேறு வேறு. போக்கிமான் பாக்கெட்டில் டெக்குக்கு 20 கார்டுதான், 3 புள்ளி எடுத்தால் வெற்றி, எனர்ஜி தானாக வரும். நிஜ ஆட்டத்தில் 60 கார்டு, தனியே வைத்த 6 பரிசுக் கார்டையும் எடுத்தால் வெற்றி, எனர்ஜியும் டெக்குக்குள்ளேயே இருக்கும். ஆகவே காசு செலவழிக்கும் முன் ‘டிசிஜி லைவ்’ என்ற இலவசச் செயலியில் ஒரு மாதம் ஆடட்டும். அதில் முழு விதிகளும் உண்டு, டெக்கும் தருகிறார்கள்.

அதன் பிறகும் ஆசை இருந்தால் பேட்டில் அகாடமி வேண்டாம், போட்டி ஆட்டத்துக்கான ‘லீக் பேட்டில் டெக்’ வாங்குங்கள். வாங்குமுன் கார்டின் இடது கீழ் மூலையில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான போட்டி முறையில் அந்தக் கார்டு செல்லுமா என்பதை அதுதான் சொல்கிறது. பழைய எழுத்துகள் அவ்வப்போது விலக்கப்படும். 2025 ஏப்ரலில் ‘எஃப்’ வெளியேறியது. தள்ளுபடியில் கிடைக்கும் டெக் பலவும் இப்படி வெளியேறியவையோ வெளியேறப் போகிறவையோதான். டெக்கைப் பலப்படுத்த பூஸ்டர் பாக்கெட் வாங்கிக் கிழிப்பது பணத்தைக் கரைக்கும். டெக்கில் ஒன்றிரண்டு பிரதி மட்டுமே உள்ள முக்கியமான டிரெய்னர் கார்டை (போக்கிமானும் எனர்ஜியும் அல்லாத உதவிக் கார்டு) மூன்று நான்காக்குங்கள், அவற்றை உதிரியாக வாங்குங்கள்.

கேள்வி: தங்க நிறப் போக்கிமான் கார்டு பாக்கெட் ஃபேன்சி ஸ்டோரில் மிக மலிவாகக் கிடைக்கிறதே, அதையே வாங்கி டெக் ஆக்கினால் என்ன?

பதில்: அவை போலி. முழுக்கத் தங்கப்பூச்சுள்ள பிளாஸ்டிக் கார்டை போக்கிமான் நிறுவனம் மலிவுப் பாக்கெட்டில் விற்பதில்லை. உலோகக் கார்டு இருப்பது உண்மைதான். 2021-இல் வந்த விலை உயர்ந்த ‘செலிப்ரேஷன்ஸ்’ பெட்டியில் பிக்காச்சுவும் சாரிசார்டும் அப்படி வந்தன. அவை காட்சிக்கு, ஆட்டத்துக்கு அல்ல.

காகிதப் போலிகளும் நிறைய. சந்தேகம் வந்தால் பின்பக்கத்தைத் தெரிந்த அசல் கார்டோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்: போலியின் நீலம் வெளிறியோ ஊதா படர்ந்தோ இருக்கும். விளிம்பை உற்றுப் பார்த்தால் அசலில் இரு தாள்களுக்கு நடுவே மெல்லிய கருங்கோடு தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

படம் பார்த்து மகிழ்வதற்கு வாங்கினால் அது உங்கள் விருப்பம். டெக்கில் மட்டும் கலக்காதீர்கள். பின்பக்கம் நிறம் மாறினால் எதிராளி அடுத்து வரும் கார்டை முன்பே கண்டுகொள்வார், ஆட்டமே கெட்டுவிடும். அளவும் தடிமனும் மாறினால் சீட்டு சீராகக் கலையவும் செய்யாது. அசல் கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். ஸ்லீவ் வாங்கும்போது 66க்கு 91 என்ற அளவைக் கேளுங்கள். யூகியோ என்ற வேறொரு விளையாட்டின் கார்டுக்கான சிறிய ஸ்லீவில் இது நுழையாது.