கீப்பர் லீக் டிராஃப்டுக்கு எப்படித் தயாராவது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர்கள் பத்துப் பேர் என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) ஃபேன்டஸி லீக் ஆடுகிறீர்கள்; அதாவது டிராஃப்டில் சுற்றுச் சுற்றாக நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கிறீர்கள். போன சீசன் ஆட்களில் நால்வரை வைத்துக்கொள்ளலாம் (அதனால்தான் ‘கீப்பர்’ லீக்), யாரை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விதியைப் பாருங்கள். பல லீக்குகளில், ஓர் ஆளைப் போன தடவை எடுத்த அதே சுற்றை இந்தத் தடவை அவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படியானால் கானர் மெக்டேவிட் மாதிரி உச்ச நட்சத்திரத்துக்கு முதல் சுற்றைக் கொடுப்பதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பன்னிரண்டாம் சுற்றில் எடுத்த பையன் இப்போது முதல் பவர் பிளே வரிசையில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது இறங்கும் முதல் அணியில்) ஆடுகிறானா? அவனை விடாதீர்கள். இப்படிச் சுற்றை விட்டுக்கொடுக்கும் விலையே இல்லாத லீக் என்றால் சிறந்த நால்வர்; இருவர் சமமாகத் தெரிந்தால் வயது குறைந்தவர்.

கோல்கீப்பரை வைக்க நான் தயங்குவேன். இந்த வருடம் சுவர் மாதிரி நிற்பவர் அடுத்த வருடம் பெஞ்சில் இருப்பார்.

அப்புறம், எல்லாரும் யாரை வைக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெயர்களை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். நாற்பது பேர் போய்விடுவார்கள். உங்கள் முதல் சுற்று உண்மையில் ஐந்தாம் சுற்றுத் தரம்தான். அச்சான தரவரிசையை நம்பி உட்கார்ந்தால் தடுமாறுவீர்கள். கேல் மகார் மாதிரி கோல் வாய்ப்புகளை உருவாக்கும் தடுப்பாட்டக்காரர் யாராவது மிஞ்சியிருந்தால் உடனே எடுங்கள், அந்த இடத்தில்தான் ஆள் பஞ்சம்.

சீசன் தொடங்கியதும் நேரத்தைக் கவனியுங்கள். டொரொண்டோவில் இரவு 7 மணி ஆட்டம் அக்டோபரில் நமக்கு மறுநாள் காலை 7, நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றியபின் 8. எல்ஆர்டி ரயில் நெரிசலில் போனை நோண்டாமல், அன்று யார் யாரை இறக்குவது என்ற வரிசையை முந்தின இரவே போட்டுவிட்டுத் தூங்குங்கள்.