பதில்: ஏற்காட்டு விடுதி விளக்குகள் பாதி வெளிச்சத்துக்கு மேல் ஏறவில்லை, மினுக்குகின்றன

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு நிரல் பலகையின் 9-ஆம் பின்னை (இணைப்பு முனையை) எல்இடி டிரைவருடன் (விளக்குக்கு மின்சாரம் தரும் கருவியுடன்) நேரடியாக இணைத்திருக்கிறீர்கள். ஆனால் டிரைவர் கேட்கும் 0–10 வோல்ட் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் அந்தப் பின்னிலிருந்து வராது. அங்கே வருவது பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே நொடிக்குச் சுமார் 490 முறை தாவும் துடிப்பு. பாதியில் நிற்பதற்கு அந்த 5 வோல்ட்டும், மினுக்குவதற்குப் பெரும்பாலும் அந்தத் துடிப்பும்தான் காரணம். டிரைவர் பழுது என்று அதைச் சேலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

துடிப்பைச் சமன்செய்ய, பின்னிலிருந்து 10 கிலோஓம் மின்தடை, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு (0 வோல்ட் பொதுமுனைக்கு) 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இரண்டும் சேரும் இடத்தை எல்எம்358 என்ற பெருக்கி ஐசியின் நேர் (+) உள்ளீட்டில் கொடுங்கள். பின்னூட்டத்தில், அதாவது வெளியீட்டிலிருந்து எதிர் (−) உள்ளீட்டுக்கு ஒன்று, அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒன்று என இரண்டு 10 கிலோஓம் வைத்தால் மின்னழுத்தம் இரட்டிக்கும். ஐசிக்கு 12 வோல்ட் அவசியம். 5 வோல்ட் கொடுத்தால் வெளியீடு 3.5-ஐத் தாண்டாது. அதைக் கவனிக்காமல் நான் ஒரு மாலைப் பொழுதையே தொலைத்திருக்கிறேன். எல்லாக் கிரவுண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ஐசி வெளியீட்டில் டிரைவரை இணைக்கும் முன், நிரலில் 127 (முழு அளவான 255-இல் பாதி) கொடுத்து மீட்டர் வைத்துப் பாருங்கள். மின்தேக்கியில் 2.5, ஐசி வெளியீட்டில் 5 வோல்ட் காட்ட வேண்டும்.

இணைத்த பிறகு மங்கலான பக்கம் இறங்க மறுத்தால், டிரைவர் தன் கட்டுப்பாட்டுக் கம்பி வழியாகத் தள்ளும் சிறு மின்னோட்டத்தை ஐசியால் விழுங்க முடியவில்லை என்று பொருள். வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம் போடுங்கள்.

பல டிரைவர்கள் 0 வோல்ட்டிலும் முழுதாக அணையாது. அதற்குத் தனி ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்) வேண்டும். தோட்டத்தில் நீளமாக இழுத்த கம்பி என்றால், சித்திரை மாத இடி மழையின்போது கழற்றிவிடுங்கள்.