ஃபிளஷ் டேங்க் கைப்பிடி மாற்றுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கழிப்பறையில் சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் ஃபிளஷ் டேங்க் இருக்கிறது. ஓராண்டுக்குள் அதன் கைப்பிடி மூன்று முறை உடைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முன்பைவிட விலை கூடியதாகப் பார்த்துத்தான் வாங்கினோம். எந்தக் கைப்பிடி நீடித்து உழைக்கும்?

பதில்: ஒரே ஆண்டில் மூன்று கைப்பிடிகள் உடைந்திருப்பதால், கோளாறு கைப்பிடியில் இல்லை, உள்ளே இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கைப்பிடியை அழுத்தும்போது அது டேங்குக்குள் செல்லும் ஒரு தண்டைத் திருப்புகிறது. தண்டில் மாட்டிய கரம் மேலே எழுகிறது. கரத்தின் முனையில் உள்ள கொக்கி, சைஃபனுக்குள், அதாவது தண்ணீரை ஒரு வளைவின் மேலாக ஏற்றிக் கிண்ணத்துக்கு இறக்கும் வளைந்த குழாய்க்குள், இருக்கும் தட்டை மேலே இழுக்கிறது. இவற்றில் எங்கு இறுக்கம் ஏற்பட்டாலும் அதன் சுமை முழுவதும் நம் கை அழுத்தும் இடத்திற்குத்தான் வந்து சேரும். அங்கே இருப்பதோ விரல் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே நான்காவது கைப்பிடியை வாங்குவதற்கு முன் டேங்கின் மூடியைத் திறந்து ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். கொக்கியைக் கழற்றிவிட்டு, தண்டை மட்டும் திருப்பிப் பாருங்கள். அது தடையின்றி ஆடினால் இறுக்கம் சைஃபனில் இருக்கிறது. தண்டே கரகரவென்று திரும்பினால் அது நுழையும் துளையில் உப்பு படிந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இந்த வெள்ளை உப்புப் படிவு மிகவும் சாதாரணமானது. தண்டை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் படிவு கரைந்துவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது உலோகத்தையும் முலாமையும் அரித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன்: நான்கைந்து முறை தொடர்ந்து அழுத்தினால்தான் தண்ணீர் இறங்குகிறதா? அப்படியானால் சைஃபன் தட்டின் மேல் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கும். தாள் கிழிந்தால் தட்டு உயரும்போது தண்ணீர் அதன் வழியே கீழே ஒழுகிவிடுவதால், வளைவைத் தாண்டும் அளவுக்கு அது மேலே ஏறுவதில்லை. வீட்டில் உள்ள அனைவரும் மேலும் மேலும் பலமாக அழுத்துவார்கள், கைப்பிடி ஒடியும். தாளை மாற்றினாலே போதும். அது தனியாகக் கிடைக்காவிட்டால் சைஃபனை முழுமையாக மாற்றிவிடலாம்.

பலர் சைஃபனைப் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்குகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் வளைவைத் தாண்டி ஏறினால்தான் வெளியேற முடியும் என்பதால், அடியில் ரப்பர் மூடி வைத்த டேங்குகளைப் போல அது சொட்டுச் சொட்டாக ஒழுகி வீணாக்குவதில்லை. இந்தக் காரணத்துக்காகவே பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டு தொடங்கும் வரை வீட்டு டேங்குகளில் சைஃபனைத் தவிர வேறு அமைப்புக்கு அனுமதி இருக்கவில்லை.

இவற்றைச் சரிசெய்த பிறகு கைப்பிடியை வாங்கச் செல்லும்போது உடைந்த துண்டுகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தண்டின் முனை சதுரமா, உருளையா, அதன் நீளம் எவ்வளவு, கைப்பிடி இடப்பக்கம் பொருத்துவதா, வலப்பக்கம் பொருத்துவதா என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எல்லா டேங்குக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் கூறும் கைப்பிடியைவிட, உங்கள் டேங்கைத் தயாரித்த நிறுவனத்தின் உதிரிப் பாகமே நல்லது. டேங்கின் மேல் பெயரும் மாதிரியும் பொறிக்கப்பட்டிருந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டு உரிமையாளரின் ஒப்புதலோடு ஃபிளஷ் கைப்பிடியை நானே மாற்ற முயன்றேன். உள்ளே இருக்கும் நட்டு எவ்வளவு பலமாகத் திருகினாலும் கழலவில்லை.

பதில்: உடனே நிறுத்துங்கள், நீங்கள் அதை மேலும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்க டேங்குகளில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் நட்டுக்கு எதிர்மரை வெட்டப்பட்டிருக்கும். நாள்தோறும் கைப்பிடியை அழுத்தும் விசையால் நட்டு தளர்ந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. டேங்கின் உள்ளிருந்து நட்டைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், வழக்கமான நட்டை எந்தத் திசையில் இறுக்குவோமோ அந்தக் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் இது கழலும். டேங்க் பீங்கானால் ஆனது என்பதால் தவறான திசையில் பலத்தைக் காட்டினால் துளையைச் சுற்றி விரிசல் விழும். அந்த விரிசலை எந்தப் பசையாலும் நம்பிக்கையாக அடைக்க முடியாது.

புதியதை வாங்கும்போது கைப்பிடி டேங்கின் முன்புறத்தில் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா, மூலையில் சாய்வாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உள்ளே செல்லும் கரத்தின் வளைவு அதற்கேற்ப மாறும். பொருத்தும்போது நட்டைக் கையால் இறுக்கி, பிறகு குறடால் கால் சுற்று மட்டும் கூடுதலாகத் திருப்புங்கள். கரத்திலிருந்து அடியில் உள்ள ரப்பர் மூடிக்குச் செல்லும் சங்கிலியில் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் தொய்வு இருக்கட்டும். சங்கிலி விறைப்பாக இருந்தால் மூடி முழுவதும் அமராமல் தண்ணீர் ஒழுகும். தொய்வு மிகுந்தால் மூடி போதிய அளவு உயராது, சில நேரங்களில் சங்கிலியே மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: உப்புத் தண்ணீருக்குப் பித்தளைக் கைப்பிடி நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா?

பதில்: உள்ளே செல்லும் தண்டும் கரமும் பித்தளையிலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ இருந்தால் போதும். முலாம் பூசிய மலிவான கலப்பு உலோகத்தைத் தவிர்த்துவிடுங்கள். முலாம் உரிந்ததும் அது பொடிந்துவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் பித்தளையின் கனம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 74, மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்திருக்கின்றன. எங்கள் அடுக்குமாடி வீட்டில் டேங்கின் மூடியில் இரண்டு பொத்தான்கள் உள்ள அமைப்பு இருக்கிறது. அவரால் அழுத்த முடியவில்லை. இதை எடுத்துவிட்டுக் கைப்பிடி வைக்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி. முதியவர்கள் தங்கள் கழிப்பறைத் தொல்லையை வாய்விட்டுச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

பொத்தான் வைத்த பீங்கான் டேங்கில் பக்கவாட்டுத் துளை இருக்காது. புதிதாகத் துளை போடச் சொல்லி யாரிடமும் கொடுக்க வேண்டாம், பீங்கான் வெடித்துவிடும். ஆனால் பொத்தான் இவ்வளவு கடினமாக இருப்பதே இயல்பானதன்று. மூடியை மெல்லத் தூக்கி, தரையில் துணி விரித்து அதன் மேல் வையுங்கள். பொத்தானின் அடியில் உள்ள வளையத்தைக் கழற்றினால் பொத்தான் மேலே வந்துவிடும். அதன் வில்லிலும் பக்கங்களிலும் படிந்த உப்பை முன்பு கூறியபடி வினிகரில் ஊறவைத்து நீக்குங்கள். பொத்தானுக்குக் கீழே நீண்டிருக்கும் இரண்டு கம்பிகளின் நீளத்தைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அவை குட்டையாக இருந்தால் பொத்தானை ஆழமாக அழுத்தினால்தான் வால்வு திறக்கும். உங்கள் தாயாருக்கு ஏற்பட்டிருப்பது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். ஒவ்வொரு சுற்றாக நீட்டி, மூடியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அளவுக்கு மீறி நீட்டினால் கம்பி வால்வை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடும்.

இவற்றுக்குப் பிறகும் அவருக்குச் சிரமம் என்றால், துளையின் விட்டத்தை அளந்துகொண்டு, விரலால் அல்லாமல் உள்ளங்கையாலேயே அழுத்தக்கூடிய, மேலே எழும்பியிருக்கும் அகலமான பொத்தானைத் தேடுங்கள். சிறிய பொத்தானுக்கு 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர் என்ற இந்த ஏற்பாட்டின் மூல வடிவம், 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் உருவானது. தண்ணீரை மிச்சப்படுத்தும் அருமையான அமைப்புதான். ஆயினும் 74 வயதில் ஒருவர் யாரையும் அழைக்காமல் தாமே கழிப்பறையைப் பயன்படுத்துவது, மிச்சமாகும் 3 லிட்டரைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவருடைய குளியலறைக்கு மட்டுமாவது கைப்பிடி வைத்த டேங்கை அடுத்த முறை தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புதிய கைப்பிடி மாட்டியதிலிருந்து டேங்கில் தண்ணீர் அடிக்கடி தானாக நிரம்பும் சத்தம் கேட்கிறது. கிண்ணத்தில் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியவில்லை.

பதில்: துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளை டேங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கிண்ணத்தில் நீலம் தெரிந்தால் தண்ணீர் டேங்கிலிருந்து கிண்ணத்துக்கு ஒழுகுகிறது என்று உறுதியாகக் கொள்ளலாம். அப்போது கைப்பிடி தன் பழைய நிலைக்கு முழுவதும் திரும்புகிறதா, கரம் மிதவையிலோ டேங்கின் மேல்மூடியிலோ உரசுகிறதா என்று பாருங்கள். புதிய கரம் பழையதைவிட ஒரு விரல் அளவு நீளமாக இருந்தாலும் இந்த உரசல் ஏற்படும். எதுவும் உரசவில்லை என்றால் ரப்பர் மூடியை மாற்றுங்கள். டேங்குக்குள் போடும் குளோரின் வில்லைகளை நீங்கள் பயன்படுத்தினால் அதை நிறுத்திவிடுங்கள், அவை ரப்பரைக் கெடுக்கின்றன.

கேள்வி: கைப்பிடியை மாற்றலாம் என்று பார்த்தால் டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கைத் திருப்ப முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: பலத்தைக் காட்டாதீர்கள். பல ஆண்டுகள் திருப்பப்படாத ஆங்கிள் காக் சுவரோடு முறிந்தால், மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் முழுவதும் குளியலறைக்கு வந்துவிடும். கைப்பிடித் துளை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் டேங்கை வடிக்க வேண்டிய தேவையே இல்லை. வேலையின் நடுவே கரத்தில் கை பட்டுத் தண்ணீர் இறங்கி, டேங்க் மறுபடியும் நிரம்பாமல் இருந்தால் போதும். டேங்கின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, மிதவையின் கரத்தை மேலே தூக்கி அதில் நூலால் கட்டிவிடுங்கள். தண்ணீர் வருவது நின்றுவிடும். அவசரமில்லாமல் கைப்பிடியை மாற்றி முடித்து நூலை அவிழ்த்துவிடலாம். ஆங்கிள் காக்கைப் பிளம்பர் வேறு வேலைக்கு வரும்போது, மாடித் தொட்டியின் வால்வை அடைத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.