எண்ணெய் மசாஜுக்குப் பிறகு பிசுக்கு போகவில்லை (வர்க்கலா, கேரளா)

மசாஜ் முடிஞ்சு சோப்பு போட்டுக் குளிச்சும் பிசுக்கு போகலைன்னு கேட்டிருக்கீங்க. சோப்பை விடுங்க, ஸ்பாவிலேயே பயத்தமாவு கேளுங்க. கேரளத்துல ‘செறுபயறு பொடி’ன்னா உடனே புரியும். உடம்பு நனையறதுக்கு முன்னாடியே தேய்ச்சா எண்ணெயை இழுத்துக்கும், அப்புறம் வெந்நீர்.

திரும்பத் திரும்ப சோப்பு போட்டும் நுரையே வரலைங்கறீங்க. எண்ணெய் மட்டும் காரணமில்ல, தண்ணியும் உப்பா இருக்கலாம். கடலோர போர் தண்ணியில கால்சியம், மக்னீசியம் கூடினா சோப்பு நுரைக்காம வெள்ளையா திரியும்.

பாதி பாட்டில் குடிதண்ணியிலயும், பாதி பாட்டில் குழாய்த் தண்ணியிலயும் அதே சோப்பைத் தனித்தனியா போட்டுக் குலுக்கிப் பாருங்க. குடிதண்ணி மட்டும் நுரைச்சா குழாய்த் தண்ணிதான் சிக்கல். ரூம் மாத்தியும் பிரயோசனம் இருக்காது, பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஒரே டேங்க்தான் இருக்கும். தலைக்கு ஷாம்பு போடுங்க, அது சோப்பு மாதிரி திரியாது.

தோல் அரிச்சா மாவை நிறுத்திடுங்க. எண்ணெய்க் காலோட டைல்ஸ்ல நடக்கறப்போ ஜாக்கிரதை, மாவு சேர்ந்தா இன்னும் வழுக்கும்.