அட்ரீனல் ஆபரேஷனுக்குப் பிறகும் பிரஷர் மாத்திரையா?

பாளையங்கோட்டை வாசகர்: ஆல்டோஸ்டீரோன் அதிகம் என்று ஒரு பக்க அட்ரீனல் சுரப்பியை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. நான்கு மாத்திரை ஒன்றாகிவிட்டது. ஆனால் அந்த ஒன்று நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆபரேஷன் வீண்தானா?

வீண் இல்லவே இல்லை. ஆல்டோஸ்டீரோன் என்பது கிட்னிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி விடுகிற ஹார்மோன். அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். மிகையானால் பிரஷர் ஏறும். இந்த மனக்குறையோடு வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல நாடுகளில் 12 மையங்களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 705 பேரின் நிலையை ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். மாத்திரையே இல்லாமல் பிரஷர் சரியானது 37 சதவீதம் பேருக்குத்தான். 47 சதவீதம் பேருக்கு உங்களைப் போல மாத்திரை குறைந்தது, அல்லது அதே மாத்திரையில் பிரஷர் இறங்கியது. ஆனால் ஹார்மோன் கோளாறு 94 சதவீதம் பேருக்கு முழுதாகத் தீர்ந்துவிட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? பல வருஷம் பிரஷரைத் தாங்கிய ரத்தக்குழாய் விறைத்துப் போயிருக்கும். வயதாலும் பரம்பரையாலும் வரும் சாதாரண பிரஷரும் கூடவே இருக்கலாம். பெண்கள், வயது குறைந்தவர்கள், பருமன் இல்லாதவர்கள், சீக்கிரமே நோயைக் கண்டுபிடித்தவர்கள் ஆகியோருக்குத்தான் மாத்திரை நிற்கும் வாய்ப்பு அதிகம். மிகையான ஆல்டோஸ்டீரோன், பிரஷர் போக, தன் பங்குக்கும் இதயத்தையும் கிட்னியையும் கெடுக்கும். அந்த ஊற்றை அடைத்துவிட்டீர்கள். மீதி ஒரு மாத்திரையைத் தைரியமாகப் போடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி வாசகி: ஆபரேஷன் முடிந்து பத்து நாள். எங்கள் ஊரில் அப்பளம் இல்லாமல் சோறு இறங்காது. உப்பை அடியோடு விடணுமா? தினம் இளநீர் குடிக்கலாமா?

இப்போதைக்கு உப்பை அடியோடு நிறுத்தாதீர்கள் அம்மா. மிச்சமுள்ள அட்ரீனல் இத்தனை நாள் தூங்கிக் கிடந்தது. விழித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதுவரை பொட்டாசியம் ஏறிவிடலாம். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், அதனால் அது வேண்டாம். முன்பு கொடுத்த பொட்டாசியம் சிரப்போ ஸ்பைரோனோலாக்டோன் (ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் மாத்திரை) என்பதோ இன்னும் ஓடுகிறது என்றால் இன்றே டாக்டரிடம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் நிலைத்த பிறகு, உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் கொண்டுவாருங்கள். அப்போது அப்பளமும் குறையத்தான் வேண்டும். அதில் சேரும் அப்பளக்காரமும் சோடியம்தான்.

சங்கரன்கோவில் வாசகர்: ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவின் ரத்த அளவு) 0.9லிருந்து 1.2 ஆகிவிட்டது. கிட்னி கெட்டுவிட்டதா?

மிகையான ஆல்டோஸ்டீரோன் கிட்னியை அளவுக்கு மீறி வடிகட்ட வைத்து, பழைய பாதிப்பை மறைத்து வைத்திருக்கும். அது போனதும் உண்மை நிலை தெரிகிறது. பெரும்பாலும் அந்த அளவிலேயே நின்றுவிடும். வலி மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். மேலும் ஏறினால் கிட்னி டாக்டரைப் பாருங்கள்.

வள்ளியூர் வாசகர்: மூன்று வருஷம் மாத்திரையே இல்லை. இப்போது 150/95. நோய் திரும்பிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வயதும் எடையும் செய்கிற வேலையாக இருக்கலாம். மிச்சமுள்ள சுரப்பி அதிகம் சுரப்பது அபூர்வம். ஆனாலும் ஆல்டோஸ்டீரோன், ரெனின் (ஆல்டோஸ்டீரோனைத் தூண்டிவிடும், கிட்னி சுரக்கும் பொருள்), பொட்டாசியம் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே பிரஷர் பார்த்துக் குறித்து, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.