'லண்டன் காலிங்' பிடிக்கவில்லையா? இரண்டாம் பக்கத்திலிருந்து கேளுங்கள்

வணக்கம் நண்பரே. இங்கிலாந்தின் கிளாஷ் இசைக்குழுவின் 1977இல் வந்த முதல் ஆல்பத்தை உயிராய்க் கேட்ட உங்களுக்கு, அதே குழுவின் 1979 ஆல்பமான 'லண்டன் காலிங்'கின் முதல் பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை, 'ஜிம்மி ஜாஸ்' பாட்டு வந்ததும் நிறுத்திவிட்டேன், இதுவும் பங்க்தானா (வேகமும் கோபமும் நிறைந்த ராக் இசைதானா) என்று கேட்டிருந்தீர்கள். இசைத்தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் பழைய ஆல்பத்துக்கே போங்கள். அதில் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' இருக்கிறதே, அது ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ரெகே பாட்டு; ரெகே என்பது அந்த நாட்டின் தாள இசை. கிளாஷ் அதை ஆறு நிமிடம் வாசித்திருக்கிறார்கள். 1979 மாற்றத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

அப்புறம் டிரம்ஸைக் கவனியுங்கள். முதல் ஆல்பத்தில் வாசித்தவர் டெரி சைம்ஸ். 'லண்டன் காலிங்'கில் டாப்பர் ஹெடன். ஜாஸ், சோல் இசை வகைகள் கைக்குப் பழகிய அவர் வந்திருக்காவிட்டால் இந்த ஆல்பமே சாத்தியமில்லை என்பேன்.

சரி, எங்கே தொடங்குவது? இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு பாட்டு. 'கிளாம்ப்டவுன்' உங்களுக்குத் தெரிந்த அதே கோபம். உடனே வருவது 'கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்': குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பால் சிமனன் தானே எழுதித் தானே பாடியது, முழுக்க ரெகே. அடுத்தடுத்துக் கேட்டால் கோபம் குறையவில்லை, தாளம்தான் மாறியிருக்கிறது என்று காதே சொல்லிவிடும். அந்த பேஸ் வரியை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், போனில் வேண்டாம்.

பிறகு 'ஜிம்மி ஜாஸ்' போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.